மதக மூடிப்புட்டு மானத்தத் திட்டாத

வா, குந்து. செருப்ப ஓரமா வுடு, நாயி கவ்விக்கினு போய்டும். மூஞ்சி ஏன் இப்பிடித் தொங்கிக் கெடக்குது? நெட்டு வல்லியா? அடப் பாவமே! நான்கூடப் பொண்ணு வூட்டுக்காரன் பேச்ச மாத்திப்புட்டானோன்னு பயந்துட்டன்.

சிரிக்கல தம்பி. நெட்டு நின்னா ஒங்களுக்கெல்லாம் மூச்சு நின்ன மாரின்னு எனக்குத் தெரியாதா? போன மாசம் எங்கூட்டுலயும் இதே எழவுதான். என் பேரன் மெட்ராசு கம்பெனிக்கு வூட்டுலேர்ந்தே வேல செய்யறான். காதுல ஒரு பூட்டு, வாயில இங்கிலீசு, மேல இஸ்திரி போட்ட சட்ட, கீழ கைலி. ஒரு வெள்ளிக்கெழம காலையில நெட்டு நின்னுபோச்சு. மாடிக்கு ஓடுறான், எறங்குறான், பொட்டிய அணைக்கிறான், எழுப்புறான். கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டான். ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்கு, ஒம்போத அமுக்குன்னு ஒரு பொம்பளக் கொரலு. முக்கா மணி நேரம் பாட்டு கேட்டான். கோயில் கச்சேரிக்கு அவன் கா மணி நேரம் குந்துனது கெடயாது. கடைசியில ஒரு புகார் நம்பர் குடுத்தாங்க, ரயில் வண்டி நீளத்துக்கு. அத எழுதி வச்சிக்கிட்டு, நோய் தீந்தவன் மாரி கொஞ்ச நேரம் தெம்பா இருந்தான்.

மத்தியானம் ஒயர் இழுக்குற புள்ளாண்டான் வண்டியில வந்தான். செவுத்துப் பொட்டியப் பாத்தான். "லைன் நல்லாத்தான் இருக்குதுண்ணா"ன்னான். இவன் ஒத்துக்கல. ரெண்டு பேருக்கும் தெருவே கூடுற அளவுக்குச் சண்ட.

நான் திண்ணையில குந்தி வெத்தல மடிச்சிக்கினு இருந்தன். உள்ள அவுங்க ஆயா போனுல சீரியல் பாக்குறா. அதுல எவளோ அழுவுற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்குது. "டேய், ஒங்க ஆயா பாக்குற படம் எது வழியா வருது?"ன்னு கேட்டன். "போனுக்குத் தனி நெட்டு இருக்கும் தாத்தா, ஒனக்குத் தெரியாது"ன்னான். "அவ போனுக்குக் காசு தீந்து இருவது நாளாவுது. நீதான் போட்டுத் தரன்னு சொல்லிட்டு மறந்துட்ட"ன்னன்.

அப்பதான் அவன் வாயி மூடுச்சு. ஒயர் புள்ளாண்டான் வெத்தலைக்குக் கைய நீட்டுனான். குடுத்தன்.

எங்கப்பன் பாகூர் ஏரியில மதகு தொறந்து மூடுற வேல பாத்தவரு. தண்ணி எப்பிடி வருதுன்னு ஒனக்குத் தெரியுமா? தெரியாது. கொழாயத் தொறந்தா வருதுன்னு சொல்லுவ. சொர்ணாவூர் அணையில தென்பெண்ணத் தண்ணி தேங்கும். அங்கேர்ந்து பங்காரு வாய்க்கா. சிங்காரி, பங்காரின்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேரு வெட்டி வுட்டதாப் பெரியவங்க சொல்லுவாங்க. அது வந்து ஏரிய நெரப்பும். புதுச்சேரி மண்ணுல ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி எங்க ஏரிதான். ஏரிக்கு மதகு, மதகுக்குக் கீழ கிள வாய்க்கா, அதுக்குக் கீழ அவனவன் வரப்புல ஒரு மட.

கடமடக்காரன் ஒருத்தன் தல தெறிக்க ஓடி வருவான், "தண்ணி வல்ல, எவனோ மறிச்சிட்டான்"னு. எங்கப்பன் மானத்தப் பாக்க மாட்டாரு. சொர்ணாவூருக்கு ஆள் அனுப்ப மாட்டாரு. மம்பட்டியத் தோள்ல போட்டுக்கினு, அந்த ஆளு மடையிலேர்ந்து மேலால நடப்பாரு. பாதி நாளு பத்தடி கூட நடக்க வேண்டியிருக்காது. போன வாரம் தண்ணி மிஞ்சுதுன்னு அந்த ஆளே வெட்டிப் போட்ட மண்ணாங்கட்டி அங்க குந்திக்கினு இருக்கும். போட்டது அவன். மறந்தது அவன். திட்டு மட்டும் ஏரிக்கு.

நெட்டும் வாய்க்காதான் தம்பி. ஒன் மடையிலேர்ந்து மேலால நட.

மொதல்ல செவுத்துப் பொட்டி. அதுல எல்ஓஎஸ்னு ஒரு வௌக்கு இருக்கும். அது செவப்பா எரிஞ்சா வெளிய கண்ணாடி நூலு அறுந்துருக்குன்னு அர்த்தம். ஆள கூப்புடு, நீ ஒண்ணும் புடுங்க முடியாது. 2024ல பெஞ்சல் புயல் அடிச்சுதே, அதுக்கப்பறம் தென்பெண்ண வெள்ளம் எங்க பாகூர் பக்கமெல்லாம் பூந்துதே, அப்ப அந்தச் செவப்பு வௌக்கு எரிஞ்சா அதுல ஞாயம் இருக்குது. வௌக்கு பச்சையா இருக்குது, வெயில் காயுது, அப்பறம் ஏன் புகார் நம்பர்?

ரெண்டாவது, அதே வைஃபையில இன்னொரு சாமான வச்சிப் பாரு. ஆயா போனாவது, பக்கத்தூட்டுப் பையன் போனாவது. போன்ல இருக்குற தனி நெட்ட மட்டும் அணைச்சிட்டுப் பாரு. அதுல வருதுன்னா, ஊரும் ஏரியும் வாய்க்காலும் சுத்தம். அடப்பு ஒன் வரப்புலதான்.

மூணாவது, கறுப்பு சன்னலு ஒண்ணு தொறப்பீங்களே, அதுல பிங்னு அடிச்சி 8.8.8.8னு போடு. அது கூகுள்காரன் வச்சிருக்குற ஒரு வாசலு. பதில் வருதா? வந்தா, அடுத்தது ஏதாவது ஒரு பேரப் போட்டு அடி. நம்பருக்குப் பதில் வருது, பேருக்கு வல்லன்னா, ஆளு இருக்குறான், விலாசம் சொல்றவன் இல்லன்னு அர்த்தம். பேரச் சொன்னா வூட்டக் காட்டுறதுக்கு டீக்கட இருக்குது பாரு, அதுக்கு ஒங்க பாஷையில டிஎன்எஸ்னு பேரு. டீக்கட மூடிக் கெடந்தா அசலூரான் தெருத் தெருவா அலைய வேண்டியதுதான்.

நடுவுல ஒண்ணு சொல்லிப்புடறன். பழைய கம்ப்யூட்டர்ல காசு மாரி ஒரு பேட்ரி இருக்கும். அது செத்தா கடியாரம் பல வருசம் பின்னால போய்டும். அப்ப பேங்கு சைட்டெல்லாம் ஒன்ன உள்ள வுடாது. கெடு தேதி பாத்து வுடுற எடத்துல நீ போன வருசத்து ஆளா நின்னா எவன் நம்புவான்? அதனால மூலையில இருக்குற தேதிய ஒரு பார்வ பாத்துடு. காசு செலவில்ல.

எங்கூட்டுல என்னா ஆச்சுன்னா, நம்பருக்குப் பதில் வந்துது, பேருக்கு வல்ல. "இந்தப் பொட்டியில காவக்காரன் எவனாவது இருக்குறானா?"ன்னு கேட்டன். பேரன் ஒரு மாரி நெளிஞ்சான். மூணு மாசத்துக்கு முன்ன ஒரு பாதுகாப்பு மருந்து வாங்கிப் போட்டுருக்கான். அது பேரு இருக்குதே, நம்ம ஐயனாருக்குக்கூட அத்தன பட்டம் கெடயாது. டோட்டலாம், அல்டிமேட்டாம், சீல்டாம். ஒரு கம்ப்யூட்டரு, அதுல பாதி அவன் பாக்குற கிரிக்கெட்டு. அதுக்கு இவ்வளவு பட்டாளம்.

அந்த மருந்துக்குள்ள இருக்குற காவக்காரன் பேரு ஃபயர்வாலு. அது என்னான்னு நான் சொல்றன் கேளு. முள்ளோடையத் தாண்டி கடலூரு போறப்ப ஆல்பேட்டை செக்போஸ்ட்டு வருதே, அதேதான். புதுச்சேரியிலேர்ந்து பாட்டில எடுத்துக்கினு போறவன மடக்கி டிக்கியத் தொறக்கச் சொல்லுவான். கடலூர்லேர்ந்து இந்தப் பக்கம் வர்றவன எவன் கேக்குறான்? ஒரு தெசைக்கு ஒரு சட்டம். விண்டோஸ் கூட வர்ற காவக்காரனும் அந்த மாரி ஒரு கண்ணுக்காரன். நீ வெளிய போறதுக்கு வாயத் தொறக்க மாட்டான். வெளியேர்ந்து கூப்புடாம எவனாவது உள்ள வந்தா மடக்குவான். காசு குடுத்து வாங்குறான் பாரு, அவன் ரெண்டு கண்ணுக்காரன். நீ வூட்ட வுட்டு எறங்குனாலே, எங்க போற, யாரப் பாக்க, கையில என்னான்னு நிப்பாட்டுவான். ஒரு கம்ப்யூட்டர்ல 65,536 வாசலு. அத்தனைக்கும் கேள்வி.

காவலே வேணாம்னு நான் சொன்னனா? 2003ல பிளாஸ்டர்னு ஒரு புழு வந்துது. எவனும் எதையும் தொறக்காமலே, நெட்டுல சும்மா மாட்டியிருந்த மிசினுக்குள்ள பூந்துது. விண்டோஸ் எக்ஸ்பியில அப்ப காவக்காரன் இருந்தான், ஆனா தூங்க வச்சிருந்தாங்க. பட்டபுறம் புத்தி வந்து, 2004 ஆகஸ்டுல ரெண்டாவது சர்வீஸ் பேக்குன்னு ஒண்ணு வுட்டு, அவன எழுப்பி வாசல்ல நிக்க வச்சாங்க. அன்னியிலேர்ந்து நிக்கிறான். அவன் போதும் ஒன் வூட்டுக்கு.

ஆனா காவக்காரனுக்குச் சொந்தக்காரன் மொகம் தெரியணுமா இல்லியா? 2008ல நடந்தது ஒனக்குத் தெரியாது. நீ அப்ப டவுசர் போட்டுக்கினு திரிஞ்ச. பாலிடெக்னிக்கு வாத்தியாரு ஒருத்தரு இந்தத் திண்ணையில குந்திச் சொன்னாரு. டான் காமின்ஸ்கின்னு ஒரு அமெரிக்காக்காரன், விலாசம் கேக்குற வழியில ஒரு ஓட்டயக் கண்டுபுடிச்சான். கம்ப்யூட்டரு டீக்கடைக்கு ஆள் அனுப்புதுன்னு வச்சிக்கோ. எப்பவும் ஒரே வாசல் வழியா அனுப்புனா, திருடன் அந்த வாசல்லயே நின்னு, "நான்தான் டீக்கடக்காரன், நீ கேட்ட வூடு இதுதான்"னு பொய் விலாசம் குடுத்துடுவான். அதனால ஒவ்வொரு வாட்டியும் வேற வேற வாசல் வழியா ஆளு போவட்டும்னு மைக்ரோசாப்ட்டு அந்த வருசம் சூலை 8ஆம் தேதி ஒரு ஒட்டு போட்டான். நல்ல யோசன.

சோன் அலாரம்னு ஒரு காவக்காரன், பல பேரு வூட்டுல எக்ஸ்பியில குந்தியிருந்தான். அவன் பாத்தான். "என்னாடா இது, நேத்து வரைக்கும் ஒரே வாசல்ல போன ஆளு இன்னிக்கு வாசலுக்கு வாசலு தாவுறான், இவன் திருடன்தான்"னு மடக்கிட்டான். ராத்திரியோட ராத்திரியா அத்தன வூட்டுலயும் நெட்டு போச்சு. ஓட்டய அடச்சவன் ஒருத்தன், அடச்சவனயே புடிச்சவன் இன்னொருத்தன். சனம் யாரத் திட்டுச்சு? லைன் குடுத்தவனத்தான். அப்பறம் அந்தக் கம்பெனியே சொல்லிச்சு, கண்டிப்ப உச்சத்துலேர்ந்து நடுவுக்கு எறக்குங்க, சரியாயிடும்னு. ஒண்ணு ரெண்டு நாள்ல புது மருந்தும் வந்துது.

பழங்கதன்னு நெனைக்காத. 2024 சூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக்குன்னு இன்னொரு காவக்காரன் வுட்ட ஒரு கோளாறு சரக்குல 85 லட்சம் விண்டோஸ் மிசினு நீலமாப் போச்சு. நம்ம நாட்டு ஏர்போர்ட்டுல சீட்ட பேனாவால எழுதிக் குடுத்தான். பேனா! எத்தினி கோடி போட்டாலும் கடைசியில சட்டப் பையிலேர்ந்து அதத்தானே எடுத்தான்?

சரி, எங்கூட்டுக்கு வரன். காவக்காரன் வச்சிருக்குற கணக்குப் புத்தகத்தத் தொற, யார யார மடக்குனான்னு பாப்பம்னு பேரனக் கேட்டன். ஒயர் புள்ளாண்டான் எட்டிப் பாத்தான். அங்க எஸ்விசிஹோஸ்டுன்னு ஒரு பேரு. பக்கத்துல செவப்புக் கோடு. "இது யாருடா?"ன்னன். பேரன் தலையச் சொறிஞ்சான். முந்தின நாளு ராத்திரி மேட்ச்சு பாக்குறப்ப ஒரு சின்னப் பொட்டி குறுக்க வந்து, "இந்த ஆளு வெளிய போவணும்ங்கிறான், வுடலாமா?"ன்னு கேட்டுதாம். பேரு ஒரு தினுசா இருக்குதே, வைரசுதான்னு, வேணாம்ங்கறத அமுக்கிட்டானாம். கீழ "எப்பவும் இப்படியே"ங்கறதுலயும் டிக்கு போட்டானாம். கடைசி ஓவராம்.

அந்த எஸ்விசிஹோஸ்டு யாருன்னு நெனைக்கிற? விண்டோஸோட வூட்டு வேலக்காரன். டீக்கடைக்குப் போயி விலாசம் கேட்டுக்கினு வர்றதே அவன்தான். அவன அறையில போட்டுப் பூட்டிட்டு, வூட்டுக்கு ஒரு சேதியும் வல்லியேன்னு ஊரத் திட்டுறான் என் பேரன். மாசம் சொளயாச் சம்பளம் வாங்குறான்!

ஒரு ஞாயம் சொல்லணும். அந்தப் பேருல திருட்டுச் சரக்கும் சில நேரம் வேஷம் கட்டிக்கினு வரும். விண்டோஸ் தோப்புக்குள்ள சிஸ்டம்32ங்கிற கூடையில இருக்குறவன் வூட்டாளு. அதே பேருல வேற எங்கயாவது டவுன்லோடு மூலையில ஒளிஞ்சிருந்தா சந்தேகப்படு. பேரப் பாக்காத, எந்த வூட்டுலேர்ந்து வரான்னு பாரு. பொண்ணு பாக்கப் போனா அதத்தானே செய்யறோம்?

பேரனோட சிநேகிதன் ஒருத்தன் போன்ல, "எல்லாத்தயும் அழிச்சிட்டு புதுசாப் போடு மச்சி"ன்னான். எலிக்குப் பயந்து வூட்டக் கொளுத்துன ஆளு வம்சம் இன்னும் அழியல. நான் சொன்னது வேற. காவக்காரன ஒரு அஞ்சு நிமிசம் குந்த வையி. நெட்டு வருதா? வந்தா குத்தம் அவன்மேலதான். ஒடனே அவன எழுப்பி நிக்க வச்சிட்டு, அந்த ஒரு செவப்புக் கோட்ட மட்டும் எடு. எந்தக் கோடுன்னு தெரியலயா? எல்லாச் சட்டத்தயும் பழையபடி ஆக்குறதுக்கு அதுலயே ஒரு பொத்தான் இருக்குது. அத அமுக்கு. நெட்டு வந்துட்டுதுன்னு காவலத் தூங்க வுட்டுட்டு நீயும் தூங்கப் போவாத.

இன்னொரு வேடிக்க. அவன் மிசினுல ரெண்டு காவக்காரன். விண்டோஸ்காரன் ஒருத்தன், காசு குடுத்து வாங்குனவன் ஒருத்தன். ஒருத்தன் வந்தா இன்னொருத்தன் ஒதுங்கணும்ங்கறது மொற. எல்லா நேரமும் ஒதுங்குறதில்ல. நடுவுல நிக்கிறவன் கதி என்னா ஆவும்? நம்ம ஊரு சனத்தக் கேளு. 1760ல இங்கிலீசுக்காரன் புதுச்சேரிய வளச்சான். ஊரச் சுத்தி அப்ப கள்ளியும் முள்ளுமா ஒரு வேலி. அரியாங்குப்பம், வில்லியனூர், வழுதாவூர், மெட்ராசு வழின்னு நாலு எடத்துல காவல் மேடு. பிரெஞ்சுக்காரன் தன்னக் காப்பாத்த வளத்த வேலி. செப்டம்பர்ல அத இங்கிலீசுக்காரன் புடிச்சான். அப்பறம் அதே வேலிதான் ஊருக்குள்ள நெல்லு போவாம மறிச்சுது. சோறு பத்தலன்னு நவம்பர்ல தளபதி லாலி ஊரு சனத்தக் கோட்டைய வுட்டு வெரட்டுனான். இங்கிலீசுக்காரன் வேலியத் தாண்ட வுடல. திரும்புனா கோட்டக்காரன் சேக்கல. பொம்பள புள்ளயோட ரெண்டு காவலுக்கும் நடுவுல கெடந்தாங்க. 1761 சனவரியில கோட்டயும் வுழுந்துது. அந்தச் சனத்துல எங்க பாட்டன் முப்பாட்டன் எவனாவது இருந்துருப்பான். எனக்கு ரெண்டு செக்போஸ்ட்டு அடுத்தடுத்து இருந்தாலே இன்னிக்கும் வயிறு கலங்குது.

அதனால ஒரு வூட்டுக்கு ஒருத்தன் போதும். வாங்குனவன் தவண முடிஞ்சி கெடக்குறானா? அவன வெளிய அனுப்பு. அனுப்புனாலும் சில பேரு ஆணி, முளக்குச்சி, கயிறு எல்லாத்தயும் வுட்டுட்டுப் போவான், அதுல கால் தடுக்கி நெட்டு வுழும். அத வாரி எடுக்குறதுக்குன்னே அந்தந்தக் கம்பெனி ஒரு ரிமூவல் டூலு வச்சிருக்கும். கம்பெனி சொந்தப் பக்கத்துலேர்ந்து எடு.

ஏன் சொந்தப் பக்கம்னு சொல்றன்னா, "ஒங்க பாதுகாப்பு முடிஞ்சிது, நாலு வைரசு பூந்துருக்கு, இந்த நம்பருக்குப் பேசுங்க"ன்னு செவப்பா ஒரு பொட்டி தாவி வரும். பேசுனா தேனா ஒழுவுவான். ஒன் திரைய அவன் அங்கேர்ந்து பாக்குற மாரி ஒரு ஆப்ப ஏத்தச் சொல்லுவான். ஏத்துனா பேங்குப் பணம் ஏரித் தண்ணி மாரி கலங்கல் தாண்டிப் போய்டும். எங்க தெருவுல பயிர்க் கடனுக்கு வச்சிருந்த காச ஒருத்தன் இப்பிடித் தொலச்சான். ஏமாந்துட்டா வெக்கப்படாம 1930க்கு ஒடனே அடி. அது சர்க்காரு நம்பர். பொழுது விடியட்டும்னு இருந்தா காசு ஊரு ஊரா மாறிடும்.

ம், இன்னொண்ணு கேக்கும் பாரு விண்டோசு, இது பொது எடமா, சொந்த எடமான்னு. ஒங்கள்ல பாதிப் பேரு வூட்டுல குந்திக்கினு பொது எடம்னு அமுக்குறீங்க. வில்லியனூர் தேருக் கூட்டத்துல பையப் புடிச்சிக்கினு நிக்கிறது சரி. வூட்டுக்குள்ளயும் அப்பிடியே நின்னா பிரிண்டர் எப்பிடி ஒன்னோட பேசும்? நெட்டு ஓடுது, பிரிண்டர் மட்டும் ஓடலன்னு வர்றவன நான் மொதல்ல இதத்தான் கேக்குறது.

வில்லியனூருன்னதும் எல்லையில நின்ன கத ஒண்ணு ஞாபகம் வருது. அது பக்கத்துக் கீழூர் தெரியுமில்ல? எனக்கு ஒம்போது வயசு. 1954 அக்டோபர் 18ஆம் தேதி அங்க 178 பிரதிநிதிங்க கூடி ஓட்டுப் போட்டாங்க, இந்தியாவோட சேரலாமான்னு. 170 பேரு சேரலாம்னாங்க. நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கை மாறுச்சு. அதுக்கு முன்ன பக்கத்து ஊருக்குப் போறதுக்கே எல்லயில நின்னு, கூடைய எறக்கிக் காட்டிட்டுப் போவணும். புதுச்சேரி ஊரும் தமிழ்நாட்டு ஊரும் பல்லாங்குழி மாரி மாத்தி மாத்திக் கெடக்குற மண்ணு இது. எங்கம்மா மோருப் பானையோட நின்ன கதைய சாவுற வரைக்கும் சொன்னாங்க. வேணாம்னு ஓட்டுப் போட்டது எட்டுப் பேரு. எந்தக் கூட்டத்துலயும் மறிக்கிறதுக்கு ஒரு எட்டுப் பேரு இருக்கத்தான் இருப்பாங்க. பேரன் மிசினுல அப்பிடி ஒரு காவக்காரன்தான் எஸ்விசிஹோஸ்ட மறிச்சிக்கினு நின்னான்.

அந்தக் கோட்ட எடுத்ததும் நெட்டு மடை ஒடச்ச மாரி வந்துது. ஒயர் புள்ளாண்டான் வண்டிய எடுத்துக்கினு கெளம்புனான். புகார் நம்பர் இன்னும் செவுத்துல ஒட்டியிருக்குது, ஆறாவது நாளு ஒரு பொண்ணு கூப்புட்டு, "ஒங்க கொற தீந்துடுச்சா சார், எங்களுக்கு எத்தன நட்சத்திரம் குடுப்பீங்க?"ன்னு கேட்டுது. ஆயாதான் போன எடுத்தா. சீரியல் பேசுதுன்னு நெனச்சிக்கினு அஞ்சு குடுத்துட்டா.

நேத்து சாயங்காலம் பேரன் கடத்தெருவுக்குப் போயிருந்தான். மிசினு தனியா எரிஞ்சிக்கினு இருந்துது. டிங்குனு ஒரு சத்தம். போய்ப் பாத்தன். மறுபடியும் அந்தச் சின்னப் பொட்டி. எவனோ வெளிய போவணும்ங்கிறான். கீழ ரெண்டு பொத்தான். எனக்கு இங்கிலீசு படிக்க வராது, அதனால தொடல. மேல துண்டப் போட்டு மூடிட்டு, அவன் வர்ற வரைக்கும் வாசல்ல குந்தியிருந்தன்.